இன்ஜின் மாற்றிய வண்டி லீனாக ஓடினால் முதல் காசை எதில் போடுவது?

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கீழக்கரையில் ஒருவர் பழைய ஜிப்ஸியில் எஸ்டீம் இன்ஜின் ஏற்றியிருக்கிறார், தொண்டியில் ஒருவர் கார்புரேட்டர் ஆம்னியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கம்ப்யூட்டர் சொல்கிற அளவு பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீய்ச்சும் வகை), ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் வைத்திருப்பது கொஞ்சம் புதிய கார், அதுவும் வேறு வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின். மூன்றும் ஸ்டார்ட் ஆகின்றன, ஓடுகின்றன. ஆனால் மிதித்தால் இழுவை இல்லை, திணறுகிறது, சில சமயம் இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் 'டப்' என்று வெடிக்கிறது, ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, அதாவது லீன். அதுவரை மூவருக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்து ஸ்கேனர் வாங்குவதா, பிரஷர் கேஜ் வாங்குவதா, புகை விட்டுப் பார்ப்பதா, இல்லை ஒரேயடியாக மதுரைக்குக் கொண்டுபோய் வைட்பேண்ட் (கலவையை அளக்கும் சென்சார்) வைத்திருப்பவரிடம் விடுவதா என்பதில்தான் நிற்கிறார்கள்.

இந்த நான்கிலும் நான் காசு போட்டிருக்கிறேன். என் ஆம்னியும் கார்புரேட்டரிலிருந்து எம்பிஎஃப்ஐக்கு மாறியதுதான். எந்த வரிசையில் போட்டிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் விளங்கியது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சாதாரண வண்டி லீனாக ஓடினால் நேற்று வரை நன்றாக இருந்த ஏதோ ஒன்று இன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் மாற்றிய வண்டியில் எதுவுமே கெட்டிருக்க வேண்டியதில்லை. பம்ப் நல்ல பம்ப், இன்ஜெக்டர் நல்ல இன்ஜெக்டர், சென்சார் நல்ல சென்சார், ஆனால் ஒன்றுக்கொன்று சேராதவை. அதனால் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்க்கிற வழக்கமான வைத்தியம் இங்கே காசை மட்டும்தான் தின்னும்.

நான் பார்ப்பது நாலு விஷயம். லீன் எப்போது வருகிறது, மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போதா, மேட்டிலோ அழுத்தி மிதித்தாலோ லோடு ஏறும்போதா? இதுதான் பெரிய கேள்வி, பாதி விடை இதிலேயே இருக்கிறது. அடுத்தது, உண்மையிலேயே பெட்ரோல் குறைகிறதா, இல்லை சென்சார் தவறாகச் சொல்கிறதா? மூன்றாவது, உங்கள் புது இன்ஜின் காற்றை எப்படி அளக்கிறது, மேப் சென்சாரிலா (உள்ளழுத்தத்தை அளப்பது) மாஃப் சென்சாரிலா (போகும் காற்றையே அளப்பது)? கடைசியாகத்தான் செலவு, அதிலும் கருவியின் விலையை மட்டும் பார்க்காமல் வண்டியை ஏற்றிக் கொண்டுபோகும் கூலி, வீணாகும் நாள், அந்தக் கருவி சொன்னதை நம்பி நாம் வாங்கப்போகிற அடுத்த பார்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லோடில் லீன் என்றால் விடை தெரியும் வரை வண்டியை விரட்டாதீர்கள். ஐடிலில் லீன் எரிச்சல் தரும், அவ்வளவுதான். லோடில் லீன் எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கும், பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். ஏற்றின இன்ஜினை மறுபடி இறக்க வேண்டி வரும்.

## காசு போடும் முன் அரை மணி நேரம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்துவிட்டுப் போங்கள். நம் ராமநாதபுரம் கரையில் உப்புக் காற்று செய்கிற வேலையை வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. உச்சிப்புளியைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடல்தான், எர்த் வயரின் முனையில் ஆறே மாதத்தில் களிம்பு ஏறிவிடும். இன்ஜின் மாற்றும்போது அதே பழைய எர்த் வயரை அதே களிம்போடு திருப்பி முடுக்கியிருப்பார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றை பேட்டரி நெகடிவிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரி செய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம். எர்த் சரியில்லாத இன்ஜினில் எந்தச் சென்சார் சொல்வதையும் நம்ப முடியாது.

அடுத்து எக்ஸாஸ்ட். மாற்றின இன்ஜினுக்குச் சைலன்சர் குழாயை வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு (எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்ப்பது) முன்னால் அந்த வெல்டிங்கிலோ கேஸ்கெட்டிலோ சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும். சென்சார் "லீன்" என்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், ஆனால் ப்ளக் கறுப்பாக இருக்கும். சென்சார் லீன் என்று சொல்லி, ப்ளக் கறுப்பாக இருந்தால் அது பொய் லீன், பெட்ரோல் பக்கம் தேட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஒரு துணியால் அரை நொடி மூடிப் பிடித்தால் ஓட்டை இருக்கிற இடத்தில் சீறும். காலையில் காற்று எழும்பும் முன் பாருங்கள், சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்கு மேல் அந்தச் சீறல் காதில் விழாது.

இவை இரண்டும் சரி என்றால் கீழே உள்ள நான்கு வழிக்கு வரலாம்.

## வழி 1: பிரஷர் கேஜ்

இதுதான் என் முதல் தேர்வு, கார்புரேட்டரிலிருந்து எம்பிஎஃப்ஐக்கு மாறிய வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஏன் என்று கேட்டால், கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்ப் இன்ஜின் ஓட்டத்தில் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப், அது தருவது கால் பார் அளவு அழுத்தம். எம்பிஎஃப்ஐக்கு 2.5 முதல் 3 பார் வேண்டும், அதற்கு டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் மின்சார பம்ப். பழைய டேங்கில் அந்த பம்புக்கு வாயே இருக்காது. அதனால் பலர் டேங்குக்கு வெளியே ஒரு பம்பை வைத்துச் சமாளிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

கேஜ் செட் ஒன்று சுமார் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஐடிலில் முள் ஓரளவு கீழே நிற்கும், ரெகுலேட்டரில் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) இருக்கிற வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் ஏறக்குறைய அரை பார் ஏற வேண்டும். இது எல்லோரும் பார்ப்பது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பார்த்தால் பாதிதான் தெரியும். ஐடிலில் இன்ஜின் குடிக்கிற பெட்ரோலைச் செத்த பம்ப் கூடக் கொடுத்துவிடும்.

அதனால் நாங்கள் கேஜ் ஹோஸை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பரோடு சேர்த்துக் கட்டினோம். ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பெட்ரோல் ஹோஸை உள்ளே இழுக்கவே கூடாது. மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறினோம். இந்தப் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல அந்த ஒரு இடம்தானே இருக்கிறது. தட்டையான ரோட்டில் முள் 2.7. பாலம் ஏற ஆரம்பித்து மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்ததும் அது 3 பக்கம் போயிருக்க வேண்டும், போகவில்லை. 2.4 ஆனது, 2 ஆனது, பக்கத்தில் இருந்த என் தம்பி வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான், 1.6 என்று அவன் சொல்லி முடிக்கும் முன் இன்டேக்கில் வெடித்தது. அதற்கு முந்தின வாரம்தான் புது ஆக்ஸிஜன் சென்சார் வாங்கி மாட்டியிருந்தேன். அந்தக் காசுக்கு இரண்டு கேஜ் வாங்கியிருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு: கேஜை இணைக்கச் சரியான டி-பீஸும் இன்ஜெக்ஷன் ஹோஸும் வேண்டும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது, தெறித்தால் நெருப்பு. கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

இது எதைச் சொல்லாது: பிரஷர் சரியாக இருந்து இன்ஜெக்டர் சின்னதாகவோ அடைத்தோ இருந்தால் கேஜ் சந்தோஷமாக 3 காட்டும்.

## வழி 2: ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்கேனரோடு பேசினால் அதை விட மலிவான ஆசான் கிடையாது. 500 முதல் 1,000 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர், போனில் ஒரு ஆப். பார்க்க வேண்டியது ஃபால்ட் கோடை அல்ல, பி0171 என்று வந்தால் "லீன்" என்கிறது, அது நமக்கே தெரியும். பார்க்க வேண்டியது ஃபியூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது என்பதுதான் அது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் 20க்கு மேல் போய், 2,500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் பெட்ரோல் பத்தவில்லை, கேஜுக்குப் போங்கள். எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடுதல் என்றால் இன்ஜெக்டர் சைஸ், பிரஷர் ரெகுலேட்டர், அல்லது கம்ப்யூட்டர் வேறு இன்ஜினுடையது.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவுதான், ஆகவே அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. பழைய இன்ஜினில் ட்ரிம் 8, 9 காட்டினால் அதற்காக ஓட்டை தேடி அலையாதீர்கள்.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 2010க்கு முந்தைய பல மாருதிகளோடு அந்த மலிவு ஸ்கேனர் பேசவே பேசாது, அவற்றின் மொழியே வேறு. வாங்கி மாட்டிவிட்டு "கனெக்ட் ஆகவில்லை" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. அந்த வண்டிகளில் டயக்னாஸிஸ் பின்னை எர்த் செய்தால் செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டிக் கோடு சொல்லும், 12 என்று சிமிட்டினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அதில் ட்ரிம் தெரியாது. ட்ரிம் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனிக்கென்றே உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

## வழி 3: புகை

மேனிஃபோல்டுக்குள் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது. ராமநாதபுரம் டவுனிலேயே யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், மெஷின் சொந்தமாக வாங்குவது ஒரு வண்டிக்காக என்றால் தேவையில்லை.

இங்கேதான் மேப், மாஃப் கேள்வி வருகிறது. மாஃப் சென்சார் உள்ளே போகும் காற்றை வாசலில் நின்று எண்ணுகிறது. வாசலுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அந்தக் காற்று கணக்கில் வராது, உடனே லீன். அந்த இன்ஜினுக்குப் புகை அருமையான முதல் சோதனை. பழைய மாருதி எம்பிஎஃப்ஐ போன்ற மேப் சென்சார் இன்ஜின் அப்படியில்லை. அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது, ஓட்டை வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும், கம்ப்யூட்டர் அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ஆக ஐடில் ஏறும், 1,300, 1,500 என்று நிற்கும், லீன் பெரிதாகத் தெரியாது. ஐடில் சரியாக இருந்து பாலத்தில் மட்டும் திணறுகிற மேப் சென்சார் வண்டிக்குப் புகை விட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு அரை நாள் போனது அப்படித்தான்.

ஒரு சிலிண்டரின் வாசலில் மட்டும் ஓட்டை இருந்தால் கதை வேறு, அந்த ஒரு ப்ளக் மட்டும் வெளுக்கும். மாற்றின இன்ஜினில் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கைப் பழையதையே போட்டிருந்தால் இதுதான் நடக்கும். அதற்குப் புகை கூட வேண்டாம், ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள், ஆம்னியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஆவி முழுக்க வண்டிக்குள் தேங்கும்.

## வழி 4: மதுரைக்குக் கொண்டுபோவது

வைட்பேண்ட் சென்சார் சைலன்சர் குழாயில் உட்கார்ந்து உண்மையான கலவையை நொடிக்கு நொடி காட்டும். வண்டியோடு வருகிற சாதாரணச் சென்சார் 0.45 வோல்ட்டைச் சுற்றி "கூட", "குறைய" என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. முழு மிதியில் லாம்டா (1 என்றால் சரியான கலவை, அதற்கு மேல் லீன்) 0.85, 0.9 பக்கம் இருக்கிறதா, 1ஐத் தாண்டுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் வைட்பேண்ட்தான். எண்ணை லாம்டாவில் கேளுங்கள், எத்தனால் பெட்ரோலில் 14.7 கணக்கு குழப்பும்.

செலவுதான் யோசிக்க வைக்கும். ராமநாதபுரத்திலிருந்தே மதுரை 115 கிலோமீட்டர் வாக்கில், ராமேஸ்வரத்திலிருந்து என்றால் 170. லோடில் லீனாக ஓடும் வண்டியை அந்தத் தூரம் ஓட்டிக்கொண்டு போவது வால்வுக்குக் கொள்ளி வைப்பது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆர்சியில் புது இன்ஜின் எண் ஏறவில்லை என்றால் ரோட்டில் இறங்குவதே தப்பு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். இதற்கெல்லாம் மேல், வைட்பேண்ட் நோயைச் சொல்லும், கம்பெனி கம்ப்யூட்டரை வைத்து அங்கேயே மருந்து கொடுக்க முடியாமல் போகலாம். வேறு கம்ப்யூட்டர் போடலாமா என்ற பேச்சு ஆரம்பித்தால் இன்ஜின் வாங்கின காசைத் தாண்டிவிடும்.

இது சரியான வழி யாருக்கு என்றால், பிரஷர் சரி, கசிவு இல்லை, பம்புக்குப் போகும் வோல்ட்டேஜ் சரி என்று உறுதி செய்த பிறகும் லீன் போகாதவருக்கு. அதாவது இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவருக்கு. அதற்கும் முன்னால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிளீனிங் மெஷினில் குழாய் குழாயாகப் பிடித்து அளந்து பாருங்கள், நாலில் ஒன்று குறைவாகப் பாய்வது கண்ணுக்கே தெரியும்.

| வழி | கைச்செலவு | எந்த லீனுக்கு | எப்போது வீண் |
|---|---|---|---|
| பிரஷர் கேஜ் | சுமார் 2,000 | லோடில் வரும் லீன் | ஐடிலில் மட்டும் லீன் |
| ஸ்கேனர் | 500–1,000 | எந்த லீனுக்கும் திசை காட்டும் | வண்டி அதோடு பேசாவிட்டால் |
| புகை | ஒர்க்‌ஷாப் கூலி | ஐடில் லீன், குறிப்பாக மாஃப் இன்ஜின் | மேப் இன்ஜின், லோடில் மட்டும் லீன் |
| மதுரை, வைட்பேண்ட் | ஏற்றுக்கூலியோடு மற்ற மூன்றையும் விட அதிகம் | சேராத இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் | மற்றதைப் பார்க்காமல் போனால் |

## கேட்ட மூவருக்கும்

ராமேஸ்வரத்துக்காரருக்கு ஸ்கேனர். வண்டி புதியது, பேசும், மாஃப் சென்சார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ட்ரிம் ஐடிலில் ஏறினால் அடுத்தது புகை. கீழக்கரை ஜிப்ஸிக்கு: கம்ப்யூட்டர் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள். இன்ஜினோடு வந்தது என்றால் கேஜ் போதும், தனியாகக் கடையில் வாங்கியது என்றால் கேஜ் பார்த்துவிட்டு மதுரைக்கு ஏற்றுங்கள், நடுவில் வேறெதிலும் காசு போட வேண்டாம்.

தொண்டிக்காரரே, உங்கள் கதை என் கதை. கேஜ் வாங்குங்கள். அதோடு பம்பின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து இன்ஜின் ஓடும்போது வோல்ட்டேஜ் பாருங்கள், பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. என் வண்டியில் பேட்டரியில் 13.8 இருக்க பம்பில் 11.2தான் வந்தது. பழைய மெல்லிய வயரிலிருந்து இழுத்திருந்தார்கள். தடித்த வயரும் ரிலேயும் போட்டதும் பாலத்தில் 1.6 என்றிருந்தது 2.1 ஆனது. மீதிக்கு விடை சொன்னவர் மண்டபத்தில் படகு இன்ஜின் பார்க்கிற ஒரு அண்ணன். கார் வேலை அவர் பார்ப்பதில்லை, சும்மா குனிந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, பம்பை டேங்குக்கு மேல தூக்கி வச்சிருக்க?"

"தண்ணி படக்கூடாதுன்னு மேல வச்சாங்கண்ணே."

"அதுக்குத் தள்ளத்தான் தெரியும், உறியத் தெரியாது. கீழ இறக்கு."

இறக்கினேன், 2.5 வந்தது. சித்திரை வெயிலில் மறுபடி குறைந்தது, உறியும் பக்கத்தில் பெட்ரோல் சூடாகி ஆவி கட்டுகிறது. கடைசியில் காயலான் கடையில் எம்பிஎஃப்ஐ ஆம்னியின் டேங்கையே பம்போடு வாங்கி, உள்ளே துரு இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்து மாற்றினேன். போன வாரம் தங்கச்சிமடம் போய் வரும்போது மறுபடி கேஜ் கட்டினோம். மூன்றாவது கியர், முழு மிதி, பாலத்து உச்சி வரைக்கும் முள் 3ஐ விட்டு இறங்கவில்லை.